மேடைக்குப் பின்னால் செத்துப்போன ஏகாம்பரம்

புதிதாக வாத்தியார் வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளே, பழைய சோக நாடகத்தை வகுப்பில் எப்படி நடத்துவது என்று பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஓய்வு பெற்றவனைப் பேசக் கூப்பிட்டால் சீக்கிரம் முடிக்கமாட்டான் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆகவே நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். இலக்கிய உத்திகளின் பட்டியலை நான் ஒப்பிக்கப் போவதில்லை. அது உங்கள் நோட்ஸிலேயே இருக்கிறது. 'நாடக முரண்' என்று கரும்பலகையில் எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்து, வரையறையையும் எழுதிப் போட்டுவிட்டால் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். மார்க்கும் வந்துவிடும். அதனால் பிள்ளைக்கு என்ன புரிந்தது என்று எவனாவது கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். உங்கள் வயதில் எனக்கும் வந்தது.

வெள்ளைக்காரன் ஆட்சி நடந்துகொண்டிருந்த காலம். அம்பத்தூர் என்றால் இன்றைக்கு உங்களுக்கு ஃபாக்டரி சங்குதான் ஞாபகம் வரும். அன்றைக்கு அங்கே இருந்தது ஏரி, ஏரிக்குக் கீழே நெல் வயல், கீரைப் பாத்தி, கொஞ்சம் தள்ளி ரயில் பாதை. ஸ்டேஷனில் இறங்கி வரப்பு மேலேயே நடந்தால் எங்கள் உயர்நிலைப் பள்ளி. உயர்நிலைப் பள்ளி என்பது மரியாதைக்குச் சொல்வது. ஓடு போட்ட நீளக் கட்டடம் ஒன்று, பக்கத்தில் கீற்றுக் கொட்டகை. ஐந்தாம் பாரம் வரைக்கும்தான் நடத்த அனுமதி. பள்ளியிறுதி வகுப்பான ஆறாம் பாரம் படிக்க வேண்டுமானால் பட்டணத்துக்குப் போக வேண்டும். எந்த அப்பன் அனுப்புவான்? "பட்ச்சது போதும், ஏரைப் புடி" என்று சொல்லிவிடுவார்கள். நேற்று வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன் இன்றைக்குச் சேற்றில் நின்றுகொண்டு, நான் வரப்பில் போகும்போது "கும்புடறேன் சார்" என்பான். எனக்கு வயிறு எரியும்.

அந்த வருஷம் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வரப்போகிறார், அவருக்குத் திருப்தியானால் ஆறாம் பாரம் நடத்த அனுமதி கிடைக்கும் என்று சேதி வந்தது. என் வேலையும் தற்காலிகம். ஆறாம் பாரம் வந்தால்தான் நிரந்தரம். ஆக, பிள்ளைகளுக்கும் எனக்கும் சேர்த்து அந்த ஒரு மனிதர் தலையை ஆட்ட வேண்டியிருந்தது.

எங்கள் தலைமையாசிரியர் நல்லவர்தான், ஆனால் எதற்கெடுத்தாலும் வியர்த்துக் கொட்டும் ஆசாமி. எங்கெங்கோ போய்த் துப்பு விசாரித்துக்கொண்டு வந்தார். இன்ஸ்பெக்டர் நம் தமிழ்க்காரர்தான், ஆனால் காலேஜில் கிரேக்கம் படித்தவராம், பழைய சோக நாடகம் என்றால் உயிராம். எங்கேயோ ஒரு பள்ளியில் அவருக்குச் சிரிப்பு நாடகம் போட்டுக் காட்டி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்களாம்.

"ஒரு கிரேக்க சோகம் போட்டுடுங்க சார்" என்றார் என்னிடம், சாம்பாரில் கொஞ்சம் பெருங்காயம் போடச் சொல்வதைப் போல.

ஆங்கிலப் பாடத்தில் அப்படி ஒரு நாடகத்தின் சுருக்கம் இருந்தது. அதை எடுத்துத் தமிழில் வசனம் எழுதினேன். கதை இதுதான். ஒரு ராஜா. முற்றுகை நடக்கும்போது எவனோ ராத்திரி கோட்டைக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறான். திறந்தவன் எவனாயிருந்தாலும் விசாரணையில்லாமல் தலை போகும் என்று ராஜா சபையில் சத்தியம் செய்கிறான். திறந்தது அவனுடைய ஒரே மகன். வெளியே அடிபட்டுக் கிடந்த சிநேகிதனைத் தூக்கிக்கொண்டு வரத் திறந்தான். பார்க்கிறவர்களுக்கு இது ஆரம்பத்திலேயே தெரியும், ராஜாவுக்கு மட்டும் தெரியாது. அவனுக்கு உண்மை தெரிந்து ஆளை அனுப்புவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அந்த வெட்டு மேடையில் நடக்காது. தூதன் ஒருவன் ஓடிவந்து சொல்வான். அந்தக் காலத்துக் கிரேக்க நாடகங்களில் அதுதான் முறை. சாவு கண் மறைவாகத்தான் நடக்கும்.

இதை ஐந்தாம் பாரத்தில் விளக்கியபோது பிள்ளைகள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். எல்லாம் தெருக்கூத்து பார்த்து வளர்ந்த பிள்ளைகள். கூட்டமாக நின்று பாடும் 'கோரஸ்' என்றதும் "பின்பாட்டு" என்று உடனே புரிந்துகொண்டார்கள். நாடக முரணில்தான் சிக்கல் வந்தது. தணிகாசலம் என்று ஒரு வாயாடி எழுந்து, "பாக்கறவனுக்குத் தெரியும், ராஜாவுக்குத் தெரியாதுன்றீங்க. தெரிஞ்சவன் சும்மா குந்தினு இருப்பானா சார்? சொல்லிட மாட்டான்?" என்றான்.

"சொல்லக் கூடாதுடா. அதுதான் உத்தி."

"சண்டை எப்ப சார் வரும்?"

"வராது. வெளியே நடக்கும்."

"சாவு?"

"அதுவும் வெளியேதான்."

"அப்ப உள்ள இன்னாதான் சார் நடக்கும்?" என்றான். வகுப்பு மொத்தமும் அதே கேள்வியோடு என்னைப் பார்த்தது.

அவனே இன்னொன்றும் கேட்டான். அந்தப் பக்கத்துக் கூத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேஷக்காரன் மேடையில் செத்தால் அவனை அப்படியே போட்டுவிட்டு ஊர் கலையாது. கற்பூரம் காட்டி, திருநீறு பூசி, கையைப் பிடித்து எழுப்பிவிட்டுத்தான் அடுத்த வேலை. இல்லாவிட்டால் அந்தச் சாவு ஆளைப் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். "மேடையிலியே இல்லாதவனை எப்பிடி சார் எழுப்பறது?" என்று கேட்டான். "எழுப்ப வேண்டாம், அவன் செத்தவன், உட்கார்" என்றேன். பட்டணத்திலிருந்து ரயிலேறி வருகிறவனுக்கு அவ்வளவுதான் தெரியும்.

ராஜா வேஷம் வேதாசலத்துக்கு. அவன் "ஆஜர்" சொன்னாலே கொட்டகைக் கீற்று அதிரும். தணிகாசலம் தூதன். ராஜாவின் மகனாக ஏகாம்பரம். இருக்கிற இடம் தெரியாத பையன், நன்றாகப் படிப்பான், ஆனால் கேட்டால்தான் வாயைத் திறப்பான். அவன் அம்மா கன்னியம்மா புருஷனை இழந்தவள். கீரை பயிரிட்டு ரயிலில் பட்டணத்துக்குக் கொண்டுபோய் விற்கிறவள். அவனை விட்டால் அவளுக்கு வேறு பிள்ளை கிடையாது. மகனுக்கு ராஜகுமாரன் வேஷம் என்று கேட்டதும் தன் கலியாணச் சேலையையே அங்கவஸ்திரமாகப் போட்டுக்கொள்ளக் கொடுத்தனுப்பினாள்.

ஒத்திகையில் ஏகாம்பரத்தால் ஒரு தொல்லை. தன் காட்சி முடிந்ததும் போகாமல் கீற்றுத் தட்டிக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பான். அங்கே தூதன் அவனுடைய தலை உருண்டதை வர்ணித்துக்கொண்டிருக்கும்போது இங்கே அந்தத் தலை பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். எனக்கு எரிச்சலாக வந்தது. "உன் பங்கு முடிந்ததும் ஏரிக்கரை ஏறி அந்தப் பக்கம் இறங்கி உட்கார்ந்துகொள். நாடகம் முடிகிற வரை செத்தவன் தலை தெரியக் கூடாது. தெரிந்தால் தோலை உரித்துவிடுவேன்" என்றேன். "சரி சார்" என்றான். அவன் சொன்னால் சொன்னபடி கேட்கிற பையன்.

மேடைக்கு நான் பெரிய யோசனை ஒன்று செய்திருந்தேன். அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் மலைச் சரிவில் உட்கார்ந்து, கீழே வெட்டவெளியில், பட்டப்பகலில் நாடகம் பார்த்தவர்கள். எங்களுக்கு மலை ஏது? ஏரிக்கரைச் சரிவில் ஊர் ஜனம் உட்காரட்டும், அறுப்பு முடிந்த வயல்தான் மேடை என்று முடிவு செய்தேன். பின்பாட்டுப் பிள்ளைகளுக்குப் பாக்கு மட்டையில் கண் ஓட்டை போட்டு முகமூடி. யோசனை பிடித்துப்போய்த் தலைமையாசிரியர் என்னை மேதை என்றார். நானும் இல்லையென்று சொல்லவில்லை.

நாடகத்தன்று மத்தியானம் இன்ஸ்பெக்டர் வந்தார். தலைப்பாகை, அல்பாகா கோட்டு, சிரிப்பு என்றால் என்னவென்றே அறியாத முகம். முன்னால் பிரம்பு நாற்காலி போட்டு, வெயிலுக்குக் குடை பிடித்தோம். ஏரிக்கரையைப் பார்த்தார், வயலைப் பார்த்தார், "உம்" என்றார். அந்த 'உம்' ஒன்றே பாதி அனுமதி என்று தலைமையாசிரியர் என் காதில் சொன்னார்.

நாடகம் நன்றாகத்தான் போயிற்று. ராஜா சத்தியம் செய்த இடத்தில் மட்டும் ஒரு பெரியவர் சரிவிலிருந்து எழுந்து, "யோவ் ராசா, அவசரப்படாத. அது உம் புள்ளதான்யா" என்று கத்தினார். வேதாசலம் கெட்டிக்காரன். காது கேளாத ராஜாவாகிவிட்டான். இன்ஸ்பெக்டர் திரும்பிப் பெரியவரைப் பார்த்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். ஏகாம்பரம் வந்தான், அம்மாவின் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு அழகாக நின்றான், தன் வசனத்தைத் தப்பில்லாமல் சொன்னான், ராஜா அந்தப் பக்கம் திரும்பி நிற்கும்போதே காவலர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். கன்னியம்மா பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் "எம் புள்ள, எம் புள்ள" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் தூதன் வர வேண்டும். தணிகாசலத்துக்கு நான் ஒரு பயிற்சி கொடுத்திருந்தேன். தட்டிக்குப் பின்னாலிருந்து வராதே, ரயில் பாதைப் பக்கத்திலிருந்தே ஓடி வா, நிஜமாகவே மூச்சு இரைக்கட்டும், அப்போதுதான் ஜனம் நம்பும் என்றேன். பையன் புழுதி பறக்க ஓடி வந்தான். மேடைக்கு நடுவில் விழுந்தான். எழுந்து, மூச்சு இரைக்க மார்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு, "மன்னா, உன் குலக்கொழுந்து வெட்டுண்டு வீழ்ந்தான். அவன் தலை மண்ணில் உருண்டதை இந்தக் கண்கள் கண்டன" என்றான். அவனுக்கே கண்ணீர் வந்துவிட்டது.

கன்னியம்மா எழுந்து நின்றாள்.

"டேய் தணிகாசலம். எம் புள்ள எங்கடா?"

அவன் வேஷம் கலையாமல், "செத்துட்டான் அத்தே" என்றான்.

"நீ பாத்தியா?"

தணிகாசலம் முழித்தான். ராஜாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நான் பாக்கல அத்தே. சார்தான் சொல்லச் சொன்னாரு."

ஏரிக்கரை முழுவதும் என் பக்கம் திரும்பியது. நான் எழுந்து, படித்தவன் செய்யக்கூடிய முட்டாள்தனத்தைச் செய்தேன். வரலாற்றுப் பின்னணியை ஆரம்பித்தேன். "அம்மா, அந்தக் காலத்திலே கிரேக்க தேசம்னு ஒரு தேசம், அங்கே மேடையிலே கொலையைக் காட்டுறது வழக்கமில்லை, அதனாலே..."

"அது எந்த ஊரா வேணா இருந்துட்டுப் போவுது. எம் புள்ளையக் காட்டு."

கூப்பிட்டால் வந்துவிடுவான் என்று "ஏகாம்பரம்" என்று குரல் கொடுத்தேன். வரவில்லை. தட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தார்கள். சேலை மட்டும் மடித்து வைத்திருந்தது. அப்போது கூட்டத்தில் ஒருவர், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, "பையன் ஏரியில எறங்கினதை நான் பாத்தேனே, அப்பால வரவேல்ல" என்றார்.

தம்பிகளே, அதற்கப்புறம் நாடகம் என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒன்றும் மிச்சமில்லை. கன்னியம்மா போட்ட சத்தத்தை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். வாலிபர்கள் கரை ஏறி ஓடி ஏரியில் குதித்தார்கள். பின்பாட்டு மொத்தமும் பாக்கு மட்டையை வீசிவிட்டுப் பின்னால் ஓடியது. வேதாசலம் கிரீடத்தோடு சிம்மாசனத்தில் உட்கார்ந்து, சிநேகிதனுக்காக ஓவென்று அழுதான். தலைமையாசிரியர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு "முடிங்க சார், எப்படியாவது நாடகத்தை முடிங்க சார்" என்று புலம்பினார். இன்ஸ்பெக்டர் பேனாவைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நான் கரை மேல் ஏறி ஓடினேன். ஏரிப் பக்கச் சரிவில் ஒரு காட்டாமணக்குப் புதர். அதற்குப் பின்னால், முழங்காலுக்கு நடுவில் தலையைப் புதைத்துக்கொண்டு ஏகாம்பரம் குந்திக்கொண்டிருந்தான். முகத்துச் சாயத்தை ஏரியில் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறான். ஊரே பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறது. கூப்பிடக் கூப்பிடத் தலையை இன்னும் கீழே தாழ்த்தியிருக்கிறான்.

"யாரு சார் தண்ணியில வுழுந்துட்டாங்க? எல்லாம் தேடறாங்க" என்றான்.

"நீதான்டா" என்றேன்.

"நாடகம் முடிஞ்சுதா சார்? தலை தெரியலாமா?"

அறைவதா, கட்டிக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. காதைப் பிடித்துக் கரைக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தேன். கன்னியம்மா அவனைக் கட்டிக்கொண்டாள், முதுகில் நாலு சாத்து சாத்தினாள், திரும்பவும் கட்டிக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கற்பூரம் கொண்டாங்க. மேடையில படுக்க வெச்சி எழுப்பணும்" என்றாள். கூட்டத்தில் பெண்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள்.

தலைமையாசிரியர் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "கூடவே கூடாது சார். அந்த மனுஷர் கிரேக்கம் படிச்சவர். சோக நாடகத்துல செத்தவன் எழுந்து உட்கார்ந்தா ஆறாம் பாரம் போச்சு. பையனைத்தான் பாத்துட்டாங்களே, கற்பூரத்தை வீட்ல போய்க் காட்டிக்கட்டும்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. இன்னும் ஒரு பக்கம்தான் பாக்கி. ராஜா அழ வேண்டும், பின்பாட்டு ஒரு பாட்டுப் பாட வேண்டும், அவ்வளவுதான். எப்படியாவது ஒட்டவைத்து முடித்திருக்கலாம். ஆறாம் பாரமும் என் வேலையும் அந்த ஒரு பக்கத்தில் இருந்தன. கன்னியம்மாவைப் பார்த்தேன். பிள்ளையின் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தாள். ஊரார் முன்னால் செத்தான் என்று சொன்னதை ஊரார் முன்னால்தான் மாற்ற வேண்டும் என்று தோன்றியது. "கற்பூரம் கொண்டு வாங்க" என்றேன். தலைமையாசிரியர் தலையில் கையை வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

காரணம் எல்லாம் எனக்குப் பிறகுதான் கிடைத்தது. அந்தக் கிரேக்க நாடகங்களே ஒரு சாமி திருவிழாவில் நடந்தவை. வரிசையாகச் சோக நாடகங்களைப் போட்டுவிட்டு, கடைசியில் ஒரு கூத்தடிக்கும் நாடகத்தையும் போட்டுத்தான் ஜனங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். இதை நானே வரலாற்றுப் பின்னணி என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஏன் அப்படிச் செய்தார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அன்றைக்கும் யோசித்துச் செய்யவில்லை. நெருக்கடியில் பாடம் எதுவும் ஞாபகத்துக்கு வராது, எதிரில் நிற்கிற ஆள்தான் கண்ணில் படுவார். அவரைப் பார்த்து முடிவெடுங்கள் என்று மட்டும் சொல்வேன். எனக்கு அதற்கு மேல் தெரியாது.

ஏகாம்பரத்தை வயலின் நடுவில் படுக்க வைத்தார்கள். ராஜா மூக்கைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். பின்பாட்டுப் பிள்ளைகள் பாதி முகமூடியோடும் பாதி ஈரத் துணியோடும் வந்து, தங்களுக்குத் தெரிந்த மங்களத்தைப் பாடினார்கள். கன்னியம்மா கற்பூரத்தைச் சுற்றி, நெற்றியில் திருநீறு பூசி, கையைப் பிடித்து எழுப்பினாள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டே எழுந்தான். கரையில் பெண்கள் குலவை இட்டார்கள். என்னுடைய கிரேக்க சோகம் அப்படி முடிந்தது.

கற்பூரத் தட்டு சுற்றிக்கொண்டு இன்ஸ்பெக்டரிடமும் போயிற்று. அவர் தட்டைப் பார்த்தார். பேனாவைப் பையில் செருகிவிட்டு, இரண்டு கையாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு திரும்பவும் அதே முகத்தோடு, "பிள்ளைகளை வரிசையா நிக்கச் சொல்லுங்க. ஒரு கேள்வி கேக்கணும்" என்றார்.

"இந்த மாதிரி நாடகங்கள்ல சாவை ஏன் மேடையில காட்டறதில்லை?"

வேதாசலம் ஓரடி முன்னால் வந்து, "ஒரே நாள், ஒரே இடம், ஒரே கதை" என்று நான் சொல்லிக்கொடுத்ததைக் கணீரென்று ஒப்பித்தான்.

"அது வேற கேள்விக்குப் பதில். பின்னால போ."

ஒரு பாக்கு மட்டைக்குள்ளிருந்து "கண்ணியம் சார்" என்று குரல் வந்தது.

"யாருடைய கண்ணியம்?"

மட்டை பக்கத்து மட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது நெற்றி நிறையத் திருநீறோடு கடைசியில் நின்றிருந்த ஏகாம்பரம் கையைத் தூக்கினான். அவனாக அவன் கையைத் தூக்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"மேடையில செத்தா அம்மா அழுதுட்டு ஊட்டுக்குப் போயிடும் சார். கண்ணுக்கு மறைவாச் செத்தாதான் எழுந்து வந்து தேடும்."

தலைமையாசிரியர் ஓடிவந்து, "மன்னிக்கணும் ஐயா, கிராமத்துப் பையன்" என்றார். இன்ஸ்பெக்டர் அவரைக் கையமர்த்திவிட்டுக் கேட்டார். "இவன் ஆறாம் பாரத்துல உக்காருவானா?"

"கட்டாயம் ஐயா."

"அப்ப நடத்துங்க. அடுத்த வருஷம் வந்து மிச்சக் கேள்வியை இவன்கிட்ட கேக்கறேன்." குடையை வாங்கிக்கொண்டு வண்டி ஏறிப் போய்விட்டார்.

தலைமையாசிரியர் என்னைக் கட்டிக்கொண்டதில் என் மூக்குக் கண்ணாடி வளைந்துபோயிற்று. ஆனால் அடுத்த வாரம் பள்ளி திறந்தபோது ஏகாம்பரத்தின் இடம் காலியாக இருந்தது. மறுநாளும் காலி. அம்மா இனிமேல் அனுப்பமாட்டாளாம் என்று தணிகாசலம் வந்து சொன்னான். இந்தத் தடவை அவன் சொன்னது நான் சொல்லிக்கொடுத்த வசனமில்லை. தலைமையாசிரியருக்குத் திரும்பவும் வியர்க்க ஆரம்பித்தது. "அவர் அவனைத்தானே கேட்டார்? போய்க் கூட்டிக்கிட்டு வாங்க சார்" என்றார். அவர் சொல்லாவிட்டாலும் நான் போயிருப்பேன். கையைத் தூக்கிய பையன் சேற்றில் நின்று எனக்குக் கும்பிடு போடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

கன்னியம்மா பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து கீரைக் கட்டு கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அனுப்ப மாட்டேன் வாத்தியாரே."

"அது வெறும் நாடகம் அம்மா" என்றேன்.

"நாடகம்னு எனக்கும் தெரியும். நான் இன்னா கூத்து பாக்காதவளா?" ஒரு கட்டைக் கட்டிக் கூடையில் போட்டாள். "இவனுக்கு மின்ன எனக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு. திருநின்றவூர்ல எங்கம்மா ஊட்டுல வுட்டுட்டு அறுப்புக்கு வந்துட்டேன். வயல்ல இருக்கச்சொல்லோ ஒரு ஆளு ஓடியாந்தான். வாந்திபேதின்னான். நான் போறதுக்குள்ள எடுத்துட்டாங்க. மூஞ்சியைக்கூடப் பாக்கல. அந்த ஆளும் இதே மாதிரிதான் மூச்சு வாங்கிகினு நின்னான். தணிகாசலம் வந்து நிக்கச்சொல்லோ, அவன் வாயைத் தொறக்கறதுக்கு மின்னியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

அந்த ஓட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. வரப்பில் உட்கார்ந்து நானும் ஒரு கீரைக் கட்டு கட்டினேன். அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, பிரித்து மறுபடி கட்டினாள்.

"ஆறாவது பட்ச்சா இன்னா ஆவான்?"

"ரயில்வேயிலே குமாஸ்தா ஆகலாம். வாத்தியார் ஆகலாம்."

என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு பார்வை பார்த்தாள். "ரயில்வேயே ஆவட்டும்" என்றாள். சிரிக்கவில்லை. இன்னொரு கட்டைக் கட்டிக் கூடையில் போட்டுவிட்டு, "அடுத்த வருசமும் நாடகம் போடுவியா?" என்று கேட்டாள்.

"இன்ஸ்பெக்டர் வருகிறாரே. போட வேண்டியிருக்கும்."

"அப்ப எம் புள்ளைக்கு ராசா வேசம் குடு. அனுப்பறேன். ராசா மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் மேடையிலியே கீறான். நான் பாத்துகினே இருப்பேன்."

சரி என்றேன். வேதாசலத்திடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வரப்பு மேல் திரும்பி நடந்தேன்.